ராட்சசியின் கரண்டிச் சத்தம்

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பெயரெழுதுவேன், பஸ் நம்பர் படிப்பேன், அவ்வளவுதான் படிப்பு. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள்.

வங்காளிகள் நடுவே நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவில், ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்கள் எல்லோரும் பக்கத்து வீட்டு மிதாலியிடம் கூடி, போனில் ஒலிநாடகம் கேட்போம். ஒரு ராட்சசியைப் பற்றிய வேடிக்கையான மாயாஜால நாவலை வங்காளத்தில் நாடகமாக்கியிருந்தார்கள். மற்ற எல்லோரும் புத்தகத்தைப் படித்தவர்கள்.

"நீங்க படிச்சீங்களா, மாஷிமா?" என்றாள் மிதாலி. மாஷிமா என்றால் அவர்கள் பேச்சில் சித்தி.

கௌரவம் விடவில்லை. "தமிழ்லயே படிச்சாச்சு" என்றேன்.

அன்று ராட்சசி, "எனக்கு யாரிடமும் பயமில்லை" என்று முழங்கினாள். நான் மட்டும் சிரித்துவிட்டேன்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அவ கைக் கரண்டி சட்டியில அடிச்சுக்குது, கேளு. உள்ளுக்குள்ள நடுங்குறா."

மிதாலி திரும்பப் போட்டாள். இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

"நாங்க கவனிக்கலையே. புத்தகத்துல இது எந்த இடத்துல வருது, மாஷிமா?"

என் கையிலிருந்த டீக்கோப்பை சாஸரில் கடகடத்தது. அந்த ராட்சசிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"நான் படிக்கலை. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன்.

மிதாலி தன் காதைத் திருகிக்கொண்டாள். பிறகு, "ரெண்டு தடவை படிச்ச எனக்குக் காது எங்க போச்சு?" என்றாள். நான் சொன்னதை என் பெயரிலேயே, போனில் நாடகத்தின் கீழே கேட்டவர்கள் கருத்து எழுதும் இடத்தில் எழுதிப் போட்டாள். மறுநாள் முகம் தெரியாத ரசிகர்கள் பலர், திரும்பக் கேட்டுச் சிரித்ததாக எழுதியிருந்தார்கள். நாடகத்துக்காகக் கரண்டியைச் சட்டியில் ஆட்டிச் சத்தம் கொடுத்தவரே, "ஒருத்தர் காதிலாவது விழுந்ததே, அம்மா" என்று எழுதியிருந்தார். எவ்வளவு பொறுமையாக ஆட்டியிருப்பார், பாவம்.

எங்கே கண்ணு, எழுதினதை வாசி. நான் பொய் சொன்ன இடத்தை விட்டுவிடாதே.