யார் நீர்?

தெர்மாமீட்டரை உதறி, முதலில் தம் அக்குளில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் நோயாளியின் பக்கம் திரும்புவார் பாளையங்கோட்டை ஜெபசீலன் டாக்டர். கண்ணாடிக் குச்சி சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. வழியில் யார் என்ன பொய் சொல்லிக்கொடுத்தார்களோ! ஸ்டெதாஸ்கோப்பை நம்பமாட்டார், அது கழுத்தில் இல்லாமல் வாசலுக்கும் வரமாட்டார். நாடி பார்க்கும் வைத்தியர்களைக் கேலி செய்வார். நோயாளி அசந்த நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

எந்தச் சோதனை செய்வது என்பதற்கு அவரிடம் ஒரே கேள்விதான். "இன்னது தெரிஞ்சா நான் செய்யப்போறது மாறுமா? மாறாதுன்னா எதுக்குவே அது?"

1912ஆம் வருஷம் ஐப்பசியில், திருப்புடைமருதூர் நாறும்பூநாத பிள்ளை வில்வண்டியில் வந்து நொண்டி இறங்கினார். கால் பெருவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். வியாழக்கிழமை விரலை எடுத்துவிடுவதாக ஆஸ்பத்திரித் துரை நாள் குறித்தாயிற்று. வெட்டச் சம்மதம் என்று ஜெபசீலன் ஒரு கடிதம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"பட்டணத்துல எலும்பைப் படம் புடிக்குத மிஷினு இருக்காமே. ரயிலேறிப் போயிருவமா டாக்டரே?"

"படத்துல எலும்பு தெரியும் அண்ணாச்சி. புண்ணு ஏன் ஆறலைன்னு தெரியாது. உம்ம நீரைக் காய்ச்சிப் பாப்போம். சர்க்கரை இருந்தா இப்பம் கத்தி வைக்கப்படாது. வெட்டின இடமும் ஆறாது. பொறவு காலு, பொறவு ஆளு."

மறுநாள் பிள்ளை வீட்டிலிருந்தே சிறுநீரைப் புட்டியில் கொண்டுவந்தார். டாக்டர் அதை நீல மருந்தோடு குழாயில் சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும். நீலம் நீலமாகவே நின்றது. கடிதத்தை எழுதி முடித்தார். உறையை ஒட்டப் போனவருக்குக் கை வரவில்லை. தன் நீர் காயும்போது குழாயை எட்டிப் பார்க்காத மனுஷனை இருபது வருஷத்தில் அவர் கண்டதில்லை. பிள்ளையோ சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது யாரு நீரு?"

பிள்ளை நெளிந்தார். "மச்சினன் சிவசண்முகத்துக்கு உள்ளது. நம்மளது ஒருத்தன் கையில அம்புட்டா, செய்வினை வச்சிர மாட்டானா?"

"ஏன்வே, நான் ஞாயித்துக்கிழமை தவறாம வேதக்கோயிலுக்குப் போறவன்!"

"அதாம்வே பயம். எங்க ஆளுக வச்சா எடுக்கதுக்கு ஆளு இருக்கு. உம்ம வேதத்துல வச்சதை யாரு எடுப்பா?"

டாக்டர் வேறொரு குழாயைக் கொடுத்துப் பிள்ளையைக் கொல்லைக்கு அனுப்பினார். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்கிறதா என்று கதவருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

இந்த முறை பிள்ளையின் மூக்கு விளக்கைத் தொட்டுவிடும்போல் இருந்தது. நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, பிறகு செங்கல்.

"அப்பம் வெரலு?"

"வியாழக்கிழமைக்குத் தப்பிச்சுது. சோத்தை நிறுத்தும், மிச்சத்தைப் பாப்போம்."

எழுதிய கடிதத்தை ஜெபசீலன் விளக்கில் காட்டினார். எரிந்து முடிந்தபின், சாம்பலில் எழுத்து ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்தார்.