சரிபாதி மாத்திரை

பக்கவாதம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர் யாரோ, அவரைக் கண்டால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். வெள்ளகோவிலில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குப் போன வருஷம் வந்ததும் பக்கவாதம்தான். இந்த வருஷம் இவருக்கு வந்ததும் அதுதான். இருவருக்கும் வலக்கை விழுந்தது, வாய் கோணியது. துடியலூரில் எங்கள் வீட்டுக்கு ஆரஞ்சுப் பையோடு வந்தவர்கள் எல்லாரும், அண்ணனாட்டவே தம்பிக்கும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கினார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். அண்ணனுக்குச் சர்க்கரை, பிரஷர், போதாக்குறைக்கு வாலிபத்திலிருந்தே பீடி. மூளைக்குள் ஓடும் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. தம்பிக்கு அதெல்லாம் கிடையாது. பீடி வாசனையே ஆகாது. இவருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. அங்கே உறைந்த ரத்தக்கட்டி மூளைக்கு ஏறியிருக்கிறது. அதனால் ரத்தம் உறையாமலிருக்க இவருக்கு வேறு மாத்திரை. தவறவிட்டு இன்னொரு கட்டி கிளம்பினால், இப்போது குழறுகிற பேச்சும் போய்விடும் என்றார்.

இவருக்கு அதெல்லாம் காதில் ஏறினால்தானே! அப்பன் விட்டுப்போன காட்டையும் கிணற்றையும் சத்தமில்லாமல் சரிபாதி பிரித்துக்கொண்டவர்கள் இந்த அண்ணனும் தம்பியும். வரப்பில் ஒற்றையாக நிற்கும் தென்னையின் காயைக்கூட இன்றைக்கும் எண்ணித்தான் பகிர்ந்துகொள்வார்கள்.

மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மருந்து பிடிக்கவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று டாக்டர் என்னைக் கேட்டபோது சுர்ரென்று ஏறியது. சாப்பாட்டுத் தட்டை எடுக்குமுன் அவர் கையில் மாத்திரையை வைப்பவள் நான். கீரை நிறையச் சாப்பிட்டாலும் மருந்து வேலை செய்யாது என்றார். முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தினேன். அடுத்த முறையும் அதே கதை. கடைசியில் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கீரையும் போய், நிம்மதியும் போய், கெட்ட பெயர்தான் எனக்கு மிச்சம்.

அளவைக் கூட்டிய கொஞ்ச நாளிலேயே வெள்ளகோவிலிலிருந்து ஓரகத்தி அழுதுகொண்டே போன் செய்தார். அவர் வீட்டுக்காரருக்கு மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை; ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று அங்கே கேட்டதற்கு, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாராம். அதை ஓரகத்தி படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். தினமும் நான் எடுத்து வைக்கும் அதே மாத்திரை.

போனை இவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். மறைக்கவில்லை. ஒருநாள் மாத்திரையைத் தான் விழுங்கி, மறுநாள் மாத்திரையை எடுத்து வைத்து, அண்ணன் பார்க்க வரும்போதெல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"உங்களுக்கு வந்தது வேற, அவருக்கு வந்தது வேறன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்று கத்தினேன்.

வெகுநேரம் வாயைக் கோணி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். "அண்ணனுக்கு... இந்த ஒசந்த மாத்திரை குடுக்கலியே அம்மணி. நா மட்டும் பொழச்சு என்ன பண்றது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் ஒருத்தி இங்கே நிற்பது இந்த மனிதருக்குத் தெரியவே இல்லையா?

அண்ணன் எப்படியோ தப்பித்து வீடு வந்து சேர்ந்தார். இப்போது இவர் விழுங்கும்வரை நான் எதிரிலிருந்து நகர்வதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்க்கிறேன்.

நேற்று அண்ணன் போன் செய்தார். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"பரவால்ல அம்மணி. ஆனா ஒண்ணு, தம்பி குடுத்த மாத்திரையப் போட்டப்பத்தான் கை கொஞ்சம் தேவலையா இருந்துச்சு."

இவர், பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.