தள்ளிப் போச்சு

ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் அம்புக்குறி. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, நூல் பிசகிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிய தையல் கடவுளுக்கும் தெரியாது என்பார்கள். அவள் பிரசவ விடுப்பு முடிந்து காத்திருந்தாள். எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லாமல் மேனேஜர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு கூர்மையான கண் தன் உடம்பைக் கோட்டைவிட்டது. பத்து மாதக் குழந்தை உள்ள வீட்டில் தலை சீவ நேரம் கிடைத்தாலே பெரிய பாக்கியம். குழந்தை சோறு தின்னப் பழகிய பிறகு மாதவிலக்கு திரும்பி வந்தது. அடுத்த மாதமும் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. ஒரு நாள் காலையில் துணி காயப் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த ஈரப் பாவாடை நழுவி மண்ணில் விழுந்தது.

வேறொருத்திக்கு இது கவலை. இவளுக்கு உயிர்ப் பயம். வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். அதன் பிறகும் ரத்தம் நிற்காமல், படுக்கையோடு மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா, "ரெண்டு வருஷத்துக்கு அடுத்த பேச்சே கூடாது. உள்ளே போட்ட தையல் தாங்காது" என்றார். தையல் தாங்காது என்றால் என்னவென்று இவளுக்குப் பாடம் நடத்த வேண்டுமா என்ன?

மாடியில் குடியிருக்கும் நாத்தனாரிடம் மெல்ல வாயைத் திறந்தாள்.

"அட போம்மா! பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் நிக்காது. எங்களுக்கெல்லாம் அப்படித்தான்."

"உங்க பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரு வயசுதானே அண்ணி வித்தியாசம்?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "சின்னவன் பொறக்கும்போதே அவசரக்குடுக்கை" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள்.

புருஷன் லாரி டிரைவர். சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். மத்தியானம் அவன் போன் வந்தது. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போனது.

"ஏங்க... தள்ளிப் போச்சுங்க."

அந்தப் பக்கம் ஒரே ஹாரன் சத்தம். "தள்ளிப் போச்சா? அட, நல்லதுதான் விடு! நானும் அதையேதான் நெனச்சிட்டு இருந்தேன். சந்தோஷமா இரு. வெக்கிறேன், வண்டி எடுக்கணும்."

சந்தோஷமாக இருக்க வேண்டுமாம்! அவள் போனையே வெறித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதவன் இவன்தானா? ஆண் வாரிசு ஆசை வந்துவிட்டதா? பெண்டாட்டி போனால் இன்னொருத்தி என்று கணக்குப் போட்டுவிட்டானா? மனசு போகாத ஊருக்கெல்லாம் போய் வந்தது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை வாங்கலாமென்று மருந்துக் கடை வரை நடந்து, பவுடர் டப்பா வாங்கிக்கொண்டு திரும்பினாள். பார்க்காத வரைக்கும் அது இல்லை என்று ஒரு நப்பாசை. குழந்தை பால் குடிக்கும்போது அதன் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். நான் போனால் இதை யார் பார்ப்பார்கள் என்று அழுதாள். அதற்கப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். அவளுக்கு அவனைப் பிடிக்காமலே போய்விட்டது.

சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை வாத்தோடு வந்து இறங்கினான். அதைத் தரையில் ஓடவிட்டு, "எங்கே நம்ம வீட்டு மகாராணி?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றான்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?"

"நான் செத்தா உங்களுக்கு நல்லதுதானே?"

"வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?"

"நீங்கதான் சொன்னீங்க. தள்ளிப் போச்சுன்னேன். நல்லதுதான், சந்தோஷமா இருன்னீங்க. தையல் தாங்காதுன்னு நர்ஸம்மா சொன்னப்போ நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

"நீ வேலைக்குத் திரும்புற தேதி தள்ளிப் போச்சுன்னுதானே... பாப்பாகூட இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன்னு..." அவன் பேச்சு பாதியில் நின்றது. முகம் வெளிறியது. "அடிப்பாவி! எதுன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"பொம்பளை தள்ளிப் போச்சுன்னா, எதுன்னு கேக்கக் கூடாதா?"

வாத்து சுவரில் முட்டி, நகர முடியாமல் கிர்ரென்று கத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவன் குனிந்தான். சாவி எங்கே என்று தெரியாமல் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கோபம் போனது. பயம் போகவில்லை.

குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். நர்ஸம்மா பரிசோதனை செய்து பட்டையை மேசைமேல் வைத்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மட்டும் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு கோடு வந்தது. பக்கத்தில் இன்னொன்று வருகிறதா? வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றான் திரும்பாமலே.

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா இல்லைன்னு அர்த்தம்" என்றார் நர்ஸம்மா. "பால் குடுக்கிறப்போ மாசம் முன்னபின்ன ஆகும், வராமலும் நிக்கும். அதுக்காகப் பாலை நம்பி இருக்காதே. மாசவிலக்கு ஒரு தடவை திரும்பி வந்துட்ட பிறகு பால் காவல் இல்லை. இப்போகூட ரொம்ப சீக்கிரம் பார்த்ததால கோடு விழாம போயிருக்கலாம், அடுத்த வாரம் இன்னொரு தடவை வா."

அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறு பரிசோதனையிலும் ஒரே கோடுதான். அடுத்து காப்பர் டி பற்றி நர்ஸம்மா ஆரம்பித்ததும், "நான் வெளியே நிக்கிறேன்" என்று அவன் நழுவப் பார்த்தான்.

"நீ எங்கப்பா ஓடுறே? உக்காரு. உனக்கும்தான்."

அவன் உட்கார்ந்தான். முழுக்கக் கேட்டான். இரண்டு சந்தேகமும் கேட்டான்.

அடுத்த சவாரிக்கு அவன் போன பிறகு மேனேஜர் கூப்பிட்டார். புது மெஷின் வரவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எரிச்சலோடு புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, தள்ளிப் போச்சுங்க."

பிரேக் கிறீச்சிட்டது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன, யாரோ திட்டினார்கள். அப்புறம் என்ஜின் சத்தமும் அடங்கியது.

"வண்டியை ஓரங்கட்டிட்டேன்" என்றான். "இப்போ சொல்லும்மா. எது?"