கோழிக்கூட்டின் மேல் ஒரு மேதை

போன வருடம் மழை தொடங்குகிற நேரம், யாழ்ப்பாணத்து அரியாலையில், எங்கள் சந்தியில் நடந்தது இது. தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எடுக்கிறவர்கள், பள்ளிக்கூட நாடகத்தில் என் மகனைப் பார்த்துவிட்டு, ஒரு பாகத்தில் நடிக்கக் கேட்டார்கள். கதையில் அவன் பெரிய மேதை. வாத்தியாருக்கே கணக்குச் சொல்லிக் கொடுப்பான். ஆனால் சைக்கிள் மட்டும் ஓடத் தெரியாது. வீடே சேர்ந்து அவனுக்குச் சைக்கிள் பழக்கப் படாத பாடு படுவதுதான் சிரிப்பு.

என் மகனோ நேர்மாறு. சைக்கிளில் பறப்பான், கணக்கு என்றால் வயிற்றுக்குத்து வந்துவிடும். அப்போதுதான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான்.

வீட்டுக் காட்சிகளைக் கொழும்புத்துறையில் எடுத்தார்கள். ஒரு காட்சிக்கு மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், எங்கள் சந்தியில் பதாகை கட்டினார்கள். ‘அகில இலங்கைக் கணிதப் போட்டியில் முதலிடம்’ என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் என் மகன். மழை பிடித்துக்கொண்டதால், பிறகு வந்து மிச்சத்தை எடுக்கிறோம் என்று பதாகையை அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். அதில் இருந்தது கதையில் வரும் பெயர். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று இருக்குமே! ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அக்கா, ஒரு பெட்டி லட்டோடு.

“அக்கா, அது ரீவி நாடகத்துக்குக் கட்டினது. இவன் ஒண்டிலையும் முதலாவதா வரேல்லை” என்றேன்.

“எனக்கு விளங்குது பிள்ளை. கண்ணூறு, நாவூறு பட்டிடும் எண்டு மறைக்கிறாய். நான் ஒருத்தருக்கும் சொல்லன்.”

பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். நான் மறுக்க மறுக்க என் அடக்கத்தை மெச்சினார்கள். அடக்கமாம், எனக்கு! மறுநாளே போய்ப் பதாகையை அவிழ்த்து வந்தேன். அதுவும் நாவூறுக்குப் பயந்துதானாம்.

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. புலமைப்பரிசிலிலும் இவன்தான் முதலாவது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்களே. முடிவு வந்தபின் பிள்ளை எந்த முகத்தோடு இந்தச் சந்தியைக் கடப்பான்?

முடிவு வந்தது. தேறுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்குக் கீழே. கொஞ்ச நேரம் அழுதான், நானும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “அம்மா, கடையிலை பாண் வாங்கிக்கொண்டு வாறன்” என்று சைக்கிளை எடுத்தான். மனம் கேட்காமல் பின்னாலேயே போனேன்.

சந்திக் கடையில் அந்த அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். “என்னடா மேதை, எத்தினை புள்ளி?” என்று கடைக்காரர் கேட்டார். நான் கடை வாசலுக்கு விரைந்தேன்.

அவன் உள்ளபடியே சொன்னான். கடைக்காரர் பாண் பையை நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டு, தொடரில் கதைத்த அதே மேதைக் குரலில், “மாமா, ரீவியிலை எனக்கு எல்லாம் தெரியும், சைக்கிள் மட்டும் ஓடத் தெரியாது. இஞ்சை எனக்குச் சைக்கிள் மட்டுந்தான் தெரியும்!” என்றான். பாண் பையை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் பறந்தான்.

கடையே சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “அப்ப நீ சொன்னது உண்மையே பிள்ளை?”

“ஓம் அக்கா. முதல் நாளே சொன்னனான்!”

அந்தப் பாகம் ஒளிபரப்பான அன்று அவர் வீட்டில்தான் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். சைக்கிளிலிருந்து அவன் விழுகிற இடத்தில், “பொய், பொய்!” என்று ஒழுங்கையே கத்தியது. என் மகனுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

படம் எடுத்தவர்கள் இனி வேண்டாம் என்றுவிட்ட பதாகையை, மழைக்கு உதவும் என்று அக்கா கேட்டு வாங்கி, தன் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டிருக்கிறார். காலையில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். ‘முதலிடம்’ வெயிலில் வெளிறிப்போய்விட்டது. அந்தப் பல்லுச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், இவன் எந்தச் சந்தியையும் கடந்து வந்துவிடுவான் என்ற நிம்மதி எனக்கு.