ஓட்டையை அடைத்தவர்கள்

மாமனார் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் பால் குண்டான்தான். கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலம். அடுப்படிக்குள் நுழைந்தால், மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் என் அம்மா சீராகக் கொடுத்த குண்டானை இறக்கி, மெழுகுவத்தித் துண்டுகளை ஆயிலில் கரைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "மாமா, இது பால் காய்ச்சற குண்டான்!" என்றேன். "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தாம்மா, மழை வருதில்ல" என்றார். மழை வந்தால் எல்லா வீட்டிலும் மருமகளின் பாத்திரத்தில் ஆயில் காய்ச்சுவதுதான் வழக்கம் என்பது போன்ற முகத்தோடு. அதற்குப் பிறகு பல நாள் எங்கள் வீட்டு ரசத்தில் ஒர்க்‌ஷாப் வாடை அடித்தது. குண்டானை நான் திரும்பக் கேட்கவில்லை.

அந்த ஆயில் அவருடைய ஜீப்புக்கு. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். அவர் வேர்க்கடலை வியாபாரி. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் சேற்றிலும் வரப்பிலும் ஏறி இறங்கி மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிவந்த வண்டி அது. மேலே பெயிண்ட் உரிந்து கிடப்பதைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவர் கவலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். தரைத் தகட்டுக்கு அடியில் நான்கு பக்கமும் மூடிய இரும்புக் குழல்கள் ஓடுகின்றன. மழைத் தண்ணீரோ கழுவின தண்ணீரோ எப்படியும் அவற்றுக்குள் புகுந்துவிடும். புகுந்தது வடிவதற்கு அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றில் சேறு அடைக்காமல் கம்பியால் குத்திவிட்டுக்கொண்டே இருப்பார். வெயிலில் வண்டி நன்றாகக் காய்ந்த பிறகு, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற ட்யூபை ஓட்டைக்குள் விட்டு, துருப்பிடிக்காமல் இருக்க, காய்ச்சிய மெழுகு ஆயிலை உள்ளே பீய்ச்சுவார். மறுமுனை ஓட்டையில் சொட்டினால்தான் அவருக்குத் திருப்தி. வாசலெல்லாம் கறை, கழுவுவது நான். "மேல துரு வந்தா கண்ணுக்குத் தெரியும், தேய்ச்சுடலாம். உள்ள வந்தா வண்டி உடையற அன்னிக்குத்தான் தெரியும்" என்பார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போயிற்று. புத்தி போகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. பேச்சு நின்றதுமே எல்லோரும் அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவரிடம் பேசினால் கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினார்கள். என் கணவரின் அண்ணன் சென்னையிலிருந்து வந்து, ஆயுத பூஜைக்குள் ஜீப்பைப் புதுசாக்கி அப்பாவைச் சந்தோஷப்படுத்தப் போவதாக அறிவித்தார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு ஒருவர் கிளம்பிவிட்டால் அவரை யாரால் நிறுத்த முடியும்? டிங்கரிங் கடைக்காரர், அடியில் அங்கங்கே ஓட்டையாக இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டாராம். "அடைச்சுடுங்க. ஓட்டை வண்டிக்கு எப்படிப் பொட்டு வெச்சு பூஜை போடறது?" என்றாராம் அண்ணன். மாமனார் ஆயுள் பூராவும் கம்பியால் குத்திக் காப்பாற்றிய அத்தனை ஓட்டைகளையும் வெல்டு வைத்து மூடி, மேலே பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஆயுத பூஜையன்று மாடித் தொட்டியிலிருந்து ஓஸ் போட்டு, ஜீப்பின் உள்ளேயும் வெளியேயும் தாராளமாகக் கழுவினார்கள். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். மாமனாரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, மாலை போட்டு, மலையைச் சுற்றிவரக் கிளம்பினோம். அண்ணன் ஓட்டினார், நானும் என் கணவரும் பின்னால். அடி அண்ணாமலை தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது காலடியில் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. மாமனார் உடனே இடது கையை நீட்டித் தரையைக் காட்டினார்.

"காலு வலிக்குதாப்பா?" அண்ணன் வண்டியை ஓரம்கட்டி, காலை அமுக்கிவிட்டார். மாமனார் மறுபடியும் தரையைக் காட்டினார். "ஓ, செருப்பா?" கழன்று கிடந்த செருப்பை எடுத்து மாட்டிவிட்டார். மூன்றாவது முறையும் காட்டிப் பார்த்துவிட்டு, மனிதர் அழுதுவிட்டார். அதைப் பார்த்து அண்ணனுக்கும் கண் கலங்கியது. "பாரேன், அப்பாவுக்கு எவ்ளோ சந்தோஷம்னு!" என்று செல்போனில் படம் எடுத்தார்.

"அடியில தண்ணி நிக்குதுங்க. ஓட்டையை அடைச்சுட்டாங்க இல்ல, அதைத்தான் காட்டறாரு" என்றேன். "அது டேங்க்ல பெட்ரோல் ஆடுதும்மா. வண்டியைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்றார் அண்ணன். என் கணவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை, அன்றைக்குத்தான் அவருக்கு அவ்வளவு அதிசயமாக இருந்தது.

அண்ணன் சென்னைக்குப் போய்விட்டார். மாமனார் தினமும் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஜீப்பின் அடியைக் காட்டினார். "பெரியவருக்கு ஜீப்புல ஒரு ரவுண்டு போணும்னு ஆசை" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நான் என் கணவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்தேன். "அண்ணன் ஆசையா செஞ்சது. தீபத்துக்கு வருவாரில்ல, ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யலாம்" என்பதே பதில். பிறகு ஒரு நாள் காலையிலிருந்து மாமனாரின் கை மடியிலேயே கிடந்தது. காட்டுவதை அவர் விட்டுவிட்டார். வண்டி துருப்பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன? இந்த மனிதர் இனி எதையும் சொல்லிப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். எதிர்வீட்டு அம்மா, "ஐயோ, இன்னாடி இது!" என்று கத்தினாள். வெல்டு வைத்த இடத்தைப் பார்த்து ஓங்கி ஓங்கி அடித்தேன். என் கோபத்துக்கு அந்த வெல்டு எம்மாத்திரம். பிய்த்துக்கொண்டு வந்தது தண்ணீர். காப்பி நிறத்தில், நாற்றமெடுத்து, துருப்பொடியோடு என் முகத்திலும் கழுத்திலும் கொட்டி, தெருவில் ஓடி, சாக்கடையில் விழுந்தது. வெளியே வந்து மாமனாரைப் பார்த்தேன். பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கை மடியிலிருந்து எழுந்து, பின் சக்கரத்துப் பக்கம் காட்டியது. அங்கே போய் அடித்தேன். கை இன்னொரு பக்கம் நகர்ந்தது. அங்கேயும் அடித்தேன். அவர் காட்டக் காட்ட, ஒன்று விடாமல் திறந்துவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் இல்லை. ஜீப் இருக்கிறது. துரு தின்ற தகட்டை மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மெழுகு ஆயில் காய்ச்சுவது இப்போது என் வேலை. ஆனால் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாததற்குக் காரணம் துருவல்ல, ஓட்டைகளைத் திறந்த அன்று சாயந்திரம் அண்ணனிடமிருந்து வந்த போன்.

என் கணவர் விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்துக் கட்டிலில் மாமனார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். புதுப் பெயிண்ட் என்னவாயிற்று என்று அண்ணன் முதலில் கத்தினார். எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதை என் கணவர் சொன்னதும் குரல் இறங்கியது. அப்புறம் சலித்துக்கொண்டார்: "இதைத்தான் சொல்ல வராருன்னா, அன்னிக்கே அப்பா ஒழுங்கா சொல்லியிருக்கலாமே!"

நான் போனைப் பிடுங்கினேன். "சொன்னாருங்க. உங்ககிட்டதான் மூணு வாட்டி சொன்னாரு. நீங்க செருப்பு மாட்டிவிட்டீங்க."