மாமியாகிப்போன டொக்டர்

இன்று தங்கையை டவுனில் ஒரு லேடி டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவளுக்குப் பதினைந்து வயது. சில மாதங்களாகச் சரியான நித்திரை இல்லை. ஏன் என்று வீட்டில் யாரிடமும் சொல்வதுமில்லை.

வெளிக்கிடும்போது அம்மா சொன்னார்: "போனைக் கீழ வைக்கச் சொல்லி டொக்டரிட்ட இவள நல்லா ஏசச் சொல்லுகா. ஒழுங்காச் சாப்பிடவும் சொல்லட்டும். வேறொண்டும் கதைக்க வேணாம்."

டொக்டர் தங்கையிடம்தான் பேசினார்.

"நித்திரை வராட்டி என்ன மகள் யோசிக்கிற?"

தங்கை நிமிர்ந்தாள்.

"அக்கா இல்லாமக் கதைக்கலாமா?"

"ஓம். அக்கா வெளியில இருப்பா."

எழுந்தேன். அப்படியே போயிருக்கலாம். கதவருகில் நின்று, "டொக்டர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

களுதாவளை என்றார். அம்மா பிறந்த ஊர். யாருடைய ஆட்கள் என்று விசாரிக்க, மாமி முறை வந்துவிட்டது.

"அட, உங்கட அம்மாவும் நானும் ஒண்டாப் படிச்சநாங்க!" என்று சிரித்தார்.

சந்தோஷமாக வெளியே வந்து உட்கார்ந்தேன். தங்கை உடனேயே வந்துவிட்டாள். கையில் விற்றமின் எழுதிய மருந்துத் துண்டு.

"என்னகா கதைச்ச?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல."

பஸ்ஸில் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "நான் டொக்டரிட்டக் கதைக்கத்தான் வந்தநான். நீ அவவ மாமியாக்கிப் போட்டாய்."

இறங்கும்வரை அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மட்டக்களப்பில் எங்களுக்குச் சொந்தமே இல்லாத டொக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை வாய் திறக்காமல் வாசலிலேயே நிற்கிறேன்.