பூமியின் அடியை மைய அரைத்த ருக்கையா

கடல் தாண்டி வந்த தமிழர்கள் குடியிருந்த சூலியா தெருவில் ருக்கையா பீவியின் காதுக்குத் தனி மரியாதை உண்டு. அம்மிச் சத்தத்தை வைத்தே அதில் அரைபடுவது மல்லியா மிளகாயா என்று சொல்லிவிடுவாள். சோற்றுக் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்தே இருபது வருஷம் ஓட்டியவள்.

1932இல் பக்கத்து மாடி அறைக்கு ஹார்லி துரை வந்து சேர்ந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அன்னாம் தேசத்து எரிமலைப் பக்கம் பொறுக்கிய ஒரு பெட்டிக் கல்லோடு கப்பலுக்குக் காத்திருந்தார். அன்றிலிருந்து சுவருக்கு அப்பால் ஒரே 'கர்ர்... கர்ர்... டக்!'

மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் மிளகாயைப் பாதியில் போட்டுவிட்டு மாடியேறினாள்.

"என்னத்தெ அரைக்கிறீங்க துரை? உங்களுக்கு அரைக்கவே தெரியலெ லா!"

துரை ஒரு கறுப்புக் கல்லைக் காட்டினார். நடுவில் பச்சையாக ஒரு கட்டி.

"அம்மா, இந்தப் பச்சை முப்பது மைல் கீழே இருந்து எரிமலை கக்கினது. அவ்வளவு ஆழம் யாரும் தோண்ட முடியாது. இதைப் பார்த்துத்தான் கீழே என்ன இருக்கு தெரியணும்."

பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு அதை மெலிதாக்க வேண்டுமாம். கல் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, சாணைத்தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்க்கிறார். ஒன்பது துண்டு கடைசி நேரத்தில் நொறுங்கிவிட்டது.

"அமுக்குறீங்க. கல்லு மேல என்ன கோவம்? தள்ளுங்க!"

உட்கார்ந்துவிட்டாள். விரல் நுனியால், பூப்போலச் சுற்றினாள். கீழே சோற்றுக்கடை ஜபருல்லாவின் குரல் கேட்டது.

"அக்கா! மசாலா எங்கே? ஆளுங்க வந்துட்டாங்க!"

"பூமியெ அரைச்சிக்கிட்டிருக்கேன்! செத்த பொறு!"

ஜபருல்லா படியடியில் வந்து நின்று அண்ணாந்து கேட்டார்.

"அது வேகறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

கடைசியில் ஜபருல்லாவே மிளகாயை அரைத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானம் சாப்பிட்டவர்கள் எல்லாம் பல்லிடுக்கில் மிளகாய்த் தோல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் கல்லுக்குப் பின்னே வைத்த செய்தித்தாளின் எழுத்தே தெரிந்தது. துரை அதை நுண்ணோக்கியில் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னார். அதன் தனி வெளிச்சத்தில் பச்சைக் கல் ரோஜா, நீலம், மஞ்சள் என்று துண்டு துண்டாக மின்னியது.

"யா அல்லா! கீழே ஜவுளிக்கடையே வெச்சிருக்காங்களே!"

துரை குனிந்து பார்த்தவர் குதித்தே விட்டார். கல்லின் மணிகளெல்லாம் ஒரே பக்கமாய் நசுங்கிக் கிடந்தன. "அடியிலே கல்லு, பிசைஞ்ச மாவு மாதிரி மெதுவா நகர்ந்திருக்கு, அம்மா!"

"இன்னும் அஞ்சு கல்லு இருக்கா? அரைச்சுத் தரேன். அதுவரைக்கும் என் மிளகாயெ நீங்க அரைங்க."

நாலு நாள் துரை அம்மியடியில் உட்கார்ந்து அழுதார். மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைத்து இன்னும் அழுதார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. "துரை அரைச்ச கறி!" என்று கூவி ஜபருல்லா இரண்டு சட்டி கூடுதலாக விற்றார்.

வீங்கிய கண்ணோடும் ஆறு கல் துண்டுகளோடும் துரை கப்பலேறினார். அதற்குப் பிறகு தெருவில் யாராவது கிணறு வெட்டுவதைப் பற்றிப் பேசினால்கூட ருக்கையா குறுக்கே வருவாள்.

"தண்ணிக்கும் ரொம்பக் கீழே பச்சைக் கல்லு. மல்லியெ விடக் கெட்டி. பொறுமையா அரைச்சா மைய வரும்."

யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அரைத்துப் பார்த்தவள் அவள்தானே.